19 ஆண்டுகளாகக் குணம் என்று நினைத்தது: லேசான, நீடித்த மனச்சோர்வு பற்றிய நிகழ்வு ஆய்வு

43 வயது ஆண். சேலத்தின் குகை என்ற பகுதியில் வீடு. செவ்வாய்ப்பேட்டையை ஒட்டிய ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை, எடைக்குக் கூலி. மனைவி, பிளஸ் டூ படிக்கும் மகள், எட்டாம் வகுப்பில் மகன். வேலைக்கு மட்டம் போடுகிறவர் அல்ல. கடன் அடைந்துவிட்டது. வீட்டில் சண்டை சச்சரவு கிடையாது. பட்டறையில் “பேசாத ஆளு, வேலை சுத்தம்” என்று பெயர்.

இப்படிப்பட்டவரை மனநல மருத்துவரிடம் போ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இவரும் தானாக வரவில்லை. அசதிக்கும் நெஞ்செரிச்சலுக்கும் பார்த்துவந்த பொது மருத்துவர், எல்லாப் பரிசோதனைகளும் சரியாக இருக்கவே, ஒரு சீட்டு எழுதி என்னிடம் அனுப்பினார்.

தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் வருபவர் குறிப்பிட்ட ஒரே ஆள் அல்லர். இந்த நோயோடு வருகிற பலருடைய விவரங்களைச் சேர்த்து, ஊரும் தொழிலும் சேலத்துக்குப் பொருந்தும்படி அமைத்து எழுதியிருக்கிறேன். அறிகுறிகளும் சிகிச்சையின் வரிசையும் நோயின் போக்கும் உண்மையில் நடக்கிறபடியே.

வந்த காரணம்

“சடவாவே இருக்குதுங்க டாக்டர். தூங்கி எழுந்தாலும் சடவு போவறதில்ல.” அவர் சொன்ன முதல் வாக்கியமும், வெகுநேரத்துக்குக் கடைசி வாக்கியமும் அதுதான். மீதியை மனைவி சொன்னார். நாலு மணிக்கே விழித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருப்பார். தட்டில் போட்டால் சாப்பிடுவார், போடாவிட்டால் கேட்க மாட்டார். தீபாவளிக்குச் சட்டை எடுக்கப் போனால், “நீயே ஒண்ணு எடு” என்று கடை வாசலில் நின்றுகொள்வார். மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று கேட்டு ஒரு மாதமாகியும் பதில் இல்லை.

மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “அதுக்கென்னங்க, இருக்குது.”

கையில் ஒரு பெரிய மஞ்சள் பை. உள்ளே ஐந்தாறு ஆண்டு மருத்துவச் சீட்டுகள். கேஸ் மாத்திரை, டானிக், விட்டமின் டி, கழுத்து வலிக்கு வலிமாத்திரை, ஒருமுறை எண்டோஸ்கோபி. அதில் இரைப்பையில் லேசான அழற்சி, வேறொன்றும் இல்லை. விட்டமின் டி குறைவாக இருந்து சரிசெய்யப்பட்டிருக்கிறது, அசதி அசையவில்லை. தைராய்டு, ரத்த அளவு, சர்க்கரை, பி12, சிறுநீரகம் எல்லாம் எல்லைக்குள். இந்தப் பரிசோதனைகளை நான் வீண் என்று நினைக்கவில்லை. தைராய்டு குறைவும் ரத்தசோகையும் பி12 குறைபாடும் இதே முகத்தோடு வரும். பற்றவைக்கிற புகையிலும் அமில நெடியிலும் நாள் முழுக்க உட்காருகிறவருக்கு உடம்பைப் பார்க்காமல் மனசு என்று சொல்வது தப்பு. ஆனால் எல்லாம் சரி என்று வந்த பிறகும் அதே பரிசோதனைகள் வேறு வேறு இடத்தில் மூன்று சுற்று நடந்திருந்தன. அந்தப் பணத்துக்கு மகளின் ஒரு பருவக் கட்டணம் கட்டியிருக்கலாம்.

உடம்பைச் சொல்லிக்கொண்டு வருவதில் ஒரு நியாயமும் இருக்கிறது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் ரகுராமும் சக ஆய்வாளர்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, மனச்சோர்வின் மன அறிகுறிகளைச் சொல்கிறவர்களுக்கு அவமான உணர்வு கூடுதலாகவும், உடல் அறிகுறிகளைச் சொல்கிறவர்களுக்குக் குறைவாகவும் இருப்பதைக் காட்டியது. அசதி என்று சொன்னால் டீக்கடையில் இரக்கப்படுவார்கள். மனசு சரியில்லை என்றால் பெண் கேட்டு வருகிற வீடு யோசிக்கும். வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கப்போகிற மகள் இருக்கும்போது ஒரு தகப்பன் எதைச் சொல்வார்?

எவ்வளவு, எப்போதிலிருந்து

மனச்சோர்வை அளக்கும் பிஹெச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியலைக் கொடுத்தேன். 2001இல் வந்தது, இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. மொத்தம் 27 மதிப்பெண். 5 முதல் 9 வரை லேசானது, 10 முதல் 14 வரை நடுத்தரம். இவருக்கு 11 வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால், “கொஞ்சம் நடங்க, நல்லாத் தூங்குங்க, ஒரு மாசம் கழிச்சு வாங்க” என்று அனுப்பிவிடக்கூடிய எண்.

அந்தப் பட்டியல் கேட்பது கடந்த இரண்டு வாரத்தை மட்டும். இந்த நோய் நடப்பதோ ஆண்டுக் கணக்கில். அதனால் இவரைப் போன்றவர்களிடம் எவ்வளவு என்பதைவிட எப்போதிலிருந்து என்பதுதான் முக்கியமான கேள்வி. இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்த நினைப்பதும் அதைத்தான்.

ஆனால் எப்போதிலிருந்து என்று நேராகக் கேட்டால் பதில் வராது. “ரொம்ப நாளாங்க” என்பார்கள். ஆண்டைச் சொல்லிக் கேட்டாலும் பயனில்லை. சேலத்துக்காரர்களுக்கு ஆடி மாதம் ஒரு நல்ல அளவுகோல். கோட்டை மாரியம்மன் பண்டிகை, வேடம் கட்டியவர்கள் அலங்கரித்த வண்டிகளில் ஊர்வலம் வருகிற குகையின் வண்டி வேடிக்கை, இவற்றை வைத்துக் கேட்டால் நினைவு பிடிபடும். போன ஆடிக்கு என்ன செய்தீர்கள், அதற்கு முந்தின ஆடிக்கு, பெண் பிறந்த வருடத்து ஆடிக்கு, கல்யாணத்துக்கு முந்தின ஆடிக்கு என்று பின்னோக்கிப் போனோம். போன ஆடிக்கு வீட்டிலேயே படுத்திருந்தார். அதற்கு முந்தினதற்கும் அப்படியே. மகன் கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். இன்னும் பின்னால் போகப் போக அவர் முகம் மாறியது. “அப்பெல்லாம் நானே வேசம் கட்டுவேனுங்க. வண்டி மேல நிப்பேன்.”

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தார். திருமணமாகி 18 ஆண்டு கழித்து அவருக்கே அது புதுச் செய்தி.

கடைசியாக வேடம் கட்டியது 23 வயதில். மறு வருடம் தந்தை இறந்தார். வட்டிக்கு வாங்கின கடன் வீட்டின் மேல் இருந்தது இறந்த பிறகே தெரிந்தது. 24 வயதில் தாயையும் மணமாகாத அக்காவையும் அந்தக் கடனையும் தலையில் வாங்கிக்கொண்டு, காலையில் ஒரு பட்டறை, இரவில் ஒரு பட்டறை என்று ஏழு வருடம் உழைத்து அடைத்திருக்கிறார். கடன் அடைந்தது. மனசு பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

37 வயதில் அக்கா நோயில் இறந்தபோது மூன்று மாதம் பட்டறைக்கே போகவில்லை. அப்போது சாப்பாடு அறவே இல்லை, யாரோடும் பேச்சில்லை. மந்திரித்துக் கயிறு கட்டினார்கள், பிறகு மெல்ல எழுந்து வேலைக்குப் போனார். குணமாகிவிட்டது என்று எல்லோரும் நிம்மதியடைந்தார்கள். இதை நாங்கள் இரட்டை மனச்சோர்வு என்போம். கெல்லரும் ஷாப்பிரோவும் 1982இல் விவரித்தது. நீண்டகால லேசான சோர்வின் மேல் கடும் சோர்வு ஒன்று வந்து உட்காரும். கடுமையானது விலகியதும் ஆள் பழைய லேசான சோர்வுக்குத் திரும்புவார். சுற்றியிருப்பவர்கள் அந்தப் பழைய நிலையையே அவருடைய இயல்பு என்று கணக்கு வைத்திருப்பதால், இன்னும் பாதி நோய் மிச்சமிருப்பது யார் கண்ணிலும் படாது.

“குணமே அப்படிங்க”

மனைவி மூன்று முறை சொன்ன வாக்கியம் இது. அவர் மேல் தவறில்லை. அவர் கைப்பிடித்தபோது 25 வயதான அந்த மனிதர் ஏற்கெனவே ஓராண்டாகச் சோர்ந்திருந்தவர். ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் வேறு உருவம் இல்லை. அவரை மட்டும் கேட்டிருந்தால் பிறவியிலேயே அமைதியானவர் என்ற முடிவுக்கு நானும் வந்திருக்கக்கூடும்.

அதனால் திருமணத்துக்கு முன்பே அவரை அறிந்த ஒருவரை அடுத்த முறை அழைத்துவரச் சொன்னேன். சிறு வயது நண்பர் வந்தார், வண்டி வேடிக்கைக்கு ஜோடனை செய்கிறவர். “இவனா அமைதி? இவன் இருக்கற எடத்துல சத்தம் அடங்காதுங்க. அவங்கப்பா போனதுலருந்துதான் இப்படி ஆயிட்டான். குடும்பப் பொறுப்பு வந்துருச்சு, பக்குவம் வந்துருச்சுன்னு நாங்க நினைச்சுக்கிட்டோம்.” இந்த இரண்டு நிமிடப் பேச்சு, பையில் இருந்த எல்லா ஆய்வக அறிக்கைகளையும்விட எனக்கு உதவியது. நீடித்த மனச்சோர்வைத் தேடும்போது நோய்க்கு முந்தைய ஆளை அறிந்தவர் ஒருவரைப் பிடிப்பது அவசியம். சின்ன வயதிலேயே தொடங்கியவர்களுக்கு அப்படி ஒருவரே இருக்க மாட்டார், அவர்களுக்குத்தான் நோயைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். 21 வயதுக்கு முன் தொடங்கினால் முன்தொடக்கம் என்று தனியாகவே குறிப்போம்.

குணமா நோயா என்ற இந்தக் குழப்பம் வீடுகளில் மட்டும் இருந்ததல்ல, மருத்துவத்திலேயே வெகுகாலம் இருந்தது. இத்தகைய சோர்வு ஆளுமையைச் சேர்ந்தது, மாத்திரைக்கு மசியாது என்று கருதிவந்தார்கள். 1980இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. குணவழிச் சோர்வு என்று ஒதுக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் மனச்சோர்வு மருந்துகளால் தேறுவதையும், அவர்களின் தூக்கப் பதிவு மனச்சோர்வு நோயாளிகளின் பதிவை ஒத்திருப்பதையும் ஹாகோப் அகிஸ்கால் குழு வெளியிட்டது. அதே ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேட்டின் மூன்றாம் பதிப்பு இதை டிஸ்தைமியா என்ற பெயரில் மனநிலைக் கோளாறுகளின் வரிசையில் வைத்தது. 2013இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பு, டிஸ்தைமியாவையும் ஆண்டுக்கணக்கில் நீளும் கடும் மனச்சோர்வையும் ஒன்றாக்கி நீடித்த மனச்சோர்வுக் கோளாறு என்றது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் டிஸ்தைமியா என்ற பெயரே தொடர்கிறது.

அளவுகோல் எளிது. பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்திருக்க வேண்டும், அது குறைந்தது இரண்டு ஆண்டு நீடிக்க வேண்டும். சிறுவர்களுக்கு ஓராண்டு போதும், அவர்களிடம் சோகத்தைவிட எரிச்சலே வெளியே தெரியலாம். கூடவே இந்த ஆறில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்: பசிக் கோளாறு, தூக்கக் கோளாறு, அசதி, தன்னைப் பற்றித் தாழ்வான எண்ணம், கவனமோ முடிவெடுக்கும் திறனோ குறைவது, நம்பிக்கையின்மை. இவருக்கு ஆறுமே இருந்தன. இடையில் இரண்டு மாதத்துக்கு மேல் தொடர்ந்து அறிகுறியின்றி இருந்திருக்கக் கூடாது.

இந்தக் கடைசி வரியில்தான் மனைவி இடறினார். “போன மே மாசம் எங்கம்மா ஊருக்கு ஏற்காடு போனமுங்க. சேர்வராயன் கோயில் திருவிழாவுல நல்லாத்தானே இருந்தாரு? பையன் தோள்ல கை போட்டுக்கிட்டு நடந்தாரே?” உண்மைதான். கடும் மனச்சோர்வில் இருக்கிறவருக்கு அந்தத் திருவிழாவும் பெரும்பாலும் இருண்டே கிடக்கும். டிஸ்தைமியாவில் நல்ல நாள் வரும், நகைச்சுவைக்குச் சிரிப்பார்கள், குழந்தையைத் தூக்குவார்கள். இரண்டு நாள் நன்றாக இருந்ததை வைத்து மீதி ஆண்டு முழுவதும் வேண்டுமென்றே அப்படி இருக்கிறார் என்று எண்ணத் தோன்றும். இந்த எண்ணம் வீட்டில் வேர்விட்டால் கோபமாக மாறிவிடும். இவர் வீட்டில் மாறத் தொடங்கியிருந்தது.

லேசானது என்ற பெயர் ஒரு நாளின் வலியைப் பொறுத்து வந்தது. ஆண்டுகளைக் கூட்டினால் கணக்கு வேறு. உள்காய்ச்சல் போல, கையை வைத்துப் பார்த்தால் சூடு தெரியாது, ஆனால் ஆளை உருக்கிக்கொண்டே இருக்கும். 24 முதல் 43 வரை இவர் தனியாகப் பட்டறை வைக்கவில்லை. உடன் வேலை கற்றவர்களில் இரண்டு பேர் வைத்துவிட்டார்கள். கூலி உயர்வு கேட்கவில்லை. மகளோடு உட்கார்ந்து பேசியது அவர் நினைவிலேயே இல்லை. எந்தப் பரிசோதனையும் இந்த இழப்பை எடுத்துக் காட்டாது.

கேட்டே ஆக வேண்டிய சில கேள்விகள்

தற்கொலை பற்றி நேராகக் கேட்டேன். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று குடும்பங்கள் பயப்படுகின்றன. அப்படி ஆவதில்லை, பெரும்பாலும் இறுக்கம்தான் தளர்கிறது. “சாகணும்னு இல்லைங்க. தூங்கினபடியே போயிட்டாத் தேவலன்னு நினைச்சிருக்கேன்.” திட்டம் இல்லை, முயற்சி இல்லை. பட்டறையில் அமிலம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் அதைப் பற்றியும் தனியாகக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டேன்.

எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், மிதமிஞ்சிய உற்சாகத்தோடு, கண்டபடி செலவு செய்து சில நாட்கள் இருந்ததுண்டா என்றும் கேட்டேன். நண்பரிடமும் கேட்டேன். இல்லை. இருந்திருந்தால் இருதுருவக் கோளாறாக இருக்கலாம், அப்போது மனச்சோர்வு மாத்திரையைத் தனியாகக் கொடுப்பது ஆபத்து.

குடி பற்றி மனைவி வெளியே போன பிறகு பேசினோம். சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் ஒரு குவாட்டர். மற்ற நாள் இல்லை. குடித்த இரவு தூக்கம் வருகிறது என்றார். மறுநாள் ஞாயிறு எப்படி இருக்கும் என்று கேட்டேன். வாரத்திலேயே மோசமான நாள் அதுதான் என்று அவர் சொல்லும்போது அவருக்கே அந்தத் தொடர்பு பிடிபட்டது.

சிகிச்சை

செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்து 25 மில்லிகிராம், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஒரு வாரத்தில் 50. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரமாகும், ஆனால் குமட்டலும் வயிற்றுப்போக்கும் முதல் வாரத்திலேயே வரும் என்று முன்பே சொல்லிவிட்டேன். கெடுதல் முதலில் வந்து நன்மை பின்னால் வருகிற மருந்து இது. அதைச் சொல்லாமல் கொடுத்தால் பாதிப் பேர் நாலாம் நாள் நிறுத்திவிடுவார்கள். போதை மாத்திரையா, பழகிவிடுமா என்ற கேள்வியும் வந்தது. பழக்கமாகி ஏங்க வைக்கிற வகை இல்லை, ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் குலைவு வரும், ஆகவே படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மஞ்சள் பையில் இருந்த வலிமாத்திரைகளை வெளியே எடுத்துவைத்தேன். இந்த வகை மருந்தோடு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை சேர்ந்தால் இரைப்பையில் ரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடும். ஏற்கெனவே வயிற்றில் அழற்சி உள்ளவர். குனிந்தே வேலை செய்கிற கொலுசுத் தொழிலாளர்கள் கழுத்துவலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குவது இங்கே சாதாரணம். வலிக்குப் பாராசிட்டமால், அத்துடன் மணிக்கொருமுறை எழுந்து நிமிர்வது என்று முடிவு செய்தோம்.

மருந்து மட்டும் போதுமா? நீடித்த மனச்சோர்வில் இதற்குத் தெளிவான ஒரு சான்று உண்டு. 2000இல் கெல்லர் குழு 681 பேரிடம் செய்த ஆய்வில், மருந்து மட்டும் பெற்றவர்களில் 48 விழுக்காட்டினரும், ஜேம்ஸ் மெக்கல்லோ நாள்பட்ட மனச்சோர்வுக்கென்றே உருவாக்கிய பேச்சு சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அதே 48 விழுக்காட்டினரும் தேறினார்கள். இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 73 விழுக்காட்டினர். அந்த ஆய்வில் பயன்பட்ட நெஃபாசோடோன் கல்லீரல் பாதிப்பால் பின்னர் பல நாடுகளில் சந்தையிலிருந்து போய்விட்டது. ஆனால் இரண்டையும் சேர்ப்பது பற்றிய பாடம் நிற்கிறது.

பேச்சு சிகிச்சை என்றதும், ஒருவர் அழ இன்னொருவர் ஆறுதல் சொல்வது என்று நினைக்கிறார்கள். நாங்கள் செய்தது வேறு. முதலில் செயலைத் தூண்டுவது. கோவாவில் விக்ரம் படேல் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், மனநலப் பட்டம் இல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களே ஆறு முதல் எட்டு அமர்வுகளில் இந்த முறையைக் கடும் சோர்வுள்ளவர்களிடம் செய்து பலன் காட்டினார்கள். அடிப்படை இதுதான். மனசு சரியானால் செய்யலாம் என்று காத்திருக்கிறவரிடம், முதலில் செய்யுங்கள், மனசு பின்னால் வரும் என்று வரிசையை மாற்றுவது.

பட்டறை ரசீதுகளின் பின்பக்கத்தில் ஒவ்வொரு நாளும் என்ன செய்தார், மனம் பத்துக்கு எவ்வளவு என்று எழுதிவந்தார். முதல் இரண்டு வாரத் தாள்களிலேயே ஒன்று தெரிந்தது. வேலைநாளில் மூன்று, நான்கு. ஞாயிற்றுக்கிழமை ஒன்று. ஓய்வு வேண்டும் என்று அவர் படுக்கிற நாளே அவரை அதிகம் தாழ்த்தியது. ஆகவே ஞாயிறை முதலில் எடுத்தோம். சனி இரவுக் குவாட்டர் நின்றது, ஒரே வாரத்தில் அல்ல, இரண்டு மாதத்தில். நாலு மணிக்கு விழிப்பு வந்தால் படுக்கையில் கிடக்காமல் எழுந்து, ஐந்தரைக்கு நண்பரோடு டீ. காய்கறி வாங்குவது அவர் வேலை.

இந்தக் கடைசிக்கு மனைவியோடு தனியாகப் பேச வேண்டியிருந்தது. ரேஷன், கரண்டு பில், பள்ளிக்கூடக் கூட்டம், உறவில் கல்யாணம் காட்சி எல்லாவற்றையும் பல ஆண்டாக அவரே சுமந்துவந்தார். “அவர்கிட்ட சொல்லி அவர் செய்யறதுக்குள்ள நானே முடிச்சுருவேனுங்க.” அன்பால் செய்தது. விளைவு, வீட்டில் தனக்கு எந்த இடமும் இல்லை என்ற கணவரின் எண்ணம் உறுதிப்பட்டது, மனைவியும் தேய்ந்துபோனார். அவருக்கும் அதே ஒன்பது கேள்விகளைக் கேட்டேன், 8 வந்தது. நீடித்த மனச்சோர்வு உள்ள வீட்டில் உடன் வாழ்கிறவரையும் பார்க்காமல் விடக்கூடாது. முற்றின கத்தரிக்காய் வாங்கி வந்தாலும் திருப்பி அனுப்பாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

இரண்டாவது பகுதி மெக்கல்லோவின் முறையைச் சார்ந்தது. நாள்பட்ட சோர்வில் இருப்பவருக்குத் தன் செயலுக்கும் அதன் விளைவுக்கும் உள்ள தொடர்பு மறைந்துவிடுகிறது, நான் என்ன செய்தாலும் ஒன்றுதான் என்ற முடிவு இறுகிவிடுகிறது என்பது அவர் கருத்து. அதனால் வாழ்க்கை முழுவதையும் பேசாமல், ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துப் பிரிக்க வேண்டும். இவர் கொண்டுவந்தது சேதாரம். எடை போட்டுக் கொடுத்த வெள்ளியும் திரும்பி வந்த கொலுசும் ஒத்துப்போகாதபோது கூலியில் பிடிப்பார்கள். அந்த மாதம் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பிடித்திருந்தார்கள். என்ன நடந்தது? முதலாளி கணக்கைச் சொன்னார், இவர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அப்போது என்ன நினைத்தீர்கள்? “கேட்டா வேலைக்கு வராதன்னுருவாரு.” என்ன நடக்க வேண்டும் என்று விரும்பினீர்கள்? வெகுநேரம் யோசித்து, “பணம்கூட வேண்டாமுங்க. எதுக்குப் பிடிச்சாங்கன்னு சொல்லியிருந்தாப் போதும்” என்றார். சொல்லச் சொல்லிக் கேட்டீர்களா? இல்லை.

கேட்பதை என் அறையிலேயே பழகிப் பார்த்தோம், நான் முதலாளியாக, அவர் அவராக. முதல் தடவை குரலே எழவில்லை. அடுத்த சனிக்கிழமை கேட்டிருக்கிறார். முதலாளி முகம் சுளித்தார், பிறகு எடைச் சிட்டையை எடுத்துக் காட்டினார். ஒரு வாரக் கணக்கு இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது, அதைத் திருப்பிக் கொடுத்தார். மற்றதைக் கொடுக்கவில்லை. வேலையும் போகவில்லை. இதை என்னிடம் சொன்ன அன்று, அவராகவே பேச்சைத் தொடங்கினார்.

போக்கு

ஒன்பது கேள்விப் பட்டியலில் ஆறாவது வாரத்தில் 8. மூன்றாம் மாதம் 5. பிறகு வெள்ளி விலை ஏறி ஆர்டர் குறைந்து பட்டறை வாரத்தில் மூன்று நாளானபோது மறுபடி 10. இந்த ஏற்றத்தைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு மருந்தை விட்டுவிடுகிறவர்கள் பலர். செர்ட்ராலினை 100 ஆக்கினோம், வேலையில்லாத நாட்களுக்கு ஞாயிறுக்குப் போட்டது போலவே கால அட்டவணை போட்டோம். இரண்டு மாதத்தில் 4.

அளவு கூட்டியபின் விந்து வெளிப்படத் தாமதமாகிற பக்கவிளைவு வந்தது. அவராகச் சொல்லவில்லை, நான் கேட்டதால் சொன்னார். இந்த மருந்துகளில் இது அடிக்கடி நடப்பது. கேட்காவிட்டால் நோயாளி சொல்ல மாட்டார், சத்தமில்லாமல் மாத்திரையை நிறுத்துவார். பிறகு மருந்தால் பலனில்லை என்று நாம் எழுதிவைப்போம். அளவைக் குறைக்கலாமா, வேறு மருந்துக்கு மாறலாமா என்று பேசினோம். ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கிறேன் என்று முடிவு செய்தது அவர். ஓரளவு சரியானது.

ஆடியில் நண்பரின் ஜோடனைக் குழுவோடு போய்வந்தார். வேடம் கட்டவில்லை, விளக்கு வயரிங் பார்த்துக்கொண்டார். மகளின் கல்லூரியை அவளோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்தார். இதையெல்லாம் முழு மீட்சி என்று நான் எழுத மாட்டேன். கூட்டமான இடத்தில் இன்னும் சீக்கிரம் களைத்துவிடுகிறார், தன்னைப் பற்றிய தாழ்வான எண்ணம் மிச்சமிருக்கிறது.

அடுத்து என்ன

டேனியல் க்ளைன் குழு டிஸ்தைமியா உள்ளவர்களைப் பத்தாண்டு தொடர்ந்து பார்த்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் மீண்டார்கள், மீண்டவர்களில் பெரும்பாலோருக்கு நோய் திரும்பவும் வந்தது. இந்த இரண்டு செய்திகளையும் கணவன் மனைவி இருவரிடமும் சேர்த்தே சொன்னேன். முதல் பாதியை மட்டும் சொன்னால் மருந்தைச் சீக்கிரம் விடுவார்கள், இரண்டாம் பாதியை மட்டும் சொன்னால் நம்பிக்கையை விடுவார்கள்.

இதற்கான சிகிச்சை எங்கோ தொலைவில் இல்லை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் புறநோயாளிப் பிரிவு உண்டு, மாத்திரை இலவசம். மாவட்ட மனநலத் திட்டமும் இயங்குகிறது. ஆனாலும் 2015–16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வில், பரவலாகக் காணப்படும் மனநலக் கோளாறுகள் உள்ளவர்களில் ஏறக்குறைய 85 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். வாழ்நாளில் இருபதில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிற நாட்டில் இது நடக்கிறது. மலைமேல் இருப்பவர்களின் நிலை இன்னும் சிரமம். ஏற்காட்டுத் தோட்டங்களில் வேலை செய்கிறவர் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தால் ஒருநாள் கூலி போகும். நவம்பரில் காப்பிப் பழம் எடுக்கத் தொடங்கினால் ஜனவரி வரை வரவே மாட்டார்கள், மாத்திரை நடுவில் தீர்ந்து, நிறுத்தியதன் தொல்லையோடு பிப்ரவரியில் வருவார்கள். அவர்களுக்கு அக்டோபரிலேயே கூடுதல் நாளுக்கு எழுதிக் கொடுத்து, இடையில் தொலைபேசியில் பேசிக்கொள்வது வழக்கமாக வேண்டும். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416 இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம்.

இவர் போன முறை மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டார். கடும் சோர்வு ஒருமுறை வந்து போனவர், 19 ஆண்டு நோயுடன் இருந்தவர். நன்றாக இருக்கத் தொடங்கியதிலிருந்து இரண்டு ஆண்டாவது தொடர்வது என்று பேசி முடித்தோம். அதன்பின், பட்டறையில் வேலை குறைவான மாதமாக இல்லாமல் பார்த்து, வாரக்கணக்கில் மெல்லக் குறைப்போம். திரும்ப வருவதற்கான அடையாளங்களை அவரும் மனைவியும் சேர்ந்து ஒரு ரசீதின் பின்னால் எழுதினார்கள்: ஞாயிறு மதியம் வரை படுக்கை, காலைச் சாப்பாட்டை ஒதுக்குவது, நண்பரின் போனை எடுக்காமல் விடுவது. இவற்றில் இரண்டு சேர்ந்து இரண்டு வாரம் நீடித்தால், அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் வந்துவிட வேண்டும். அழைத்துவரும் பொறுப்பை மனைவியும் நண்பரும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.